மாயக் கதையில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள்? பிள்ளைகளோடு வர்க்கமும் நிறமும் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்கு அடியில், ஞாயிறு சாயந்திரம் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். வயது பத்திலிருந்து பதின்மூன்று. ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாய்த்தமிழில் கதை சொல்வேன். அன்றைக்கு ஹாரி பாட்டர் வரிசையின் நான்காவது புத்தகம். மந்திரப் பள்ளியில் தட்டுகள் தானாக நிரம்புகின்றன என்று மூன்று புத்தகங்களாக நம்பிக்கொண்டிருக்கிறோம். கீழே அடுக்களையில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃபுகள், அதாவது மந்திரவாதிகளுக்கு அடிமை வேலை செய்யும் குட்டி உயிர்கள், சமைத்து மேலே அனுப்புகிறார்கள் என்பது நான்காவதில்தான் தெரியவருகிறது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். “அப்போ இத்தனை வருசமா அவங்களுக்குச் சம்பளமே இல்லீங்களாக்கா?”

அவளுடைய அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உடனே நான் ஆரம்பித்துவிட்டேன்: அடிமை முறை, காலனி ஆட்சி, வர்க்கம், உருவகம் என்று அரை மணி நேரம். பிள்ளைகள் தகரத்தில் நடக்கும் காக்கையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் குறைந்தார்கள்.

அதற்கப்புறம் நான்கு வருடமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர், நூலகர், வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர் என யாருக்கும் இது பயன்படும். பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒரு புத்தகம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, வாரம் ஒரு மணி நேரம் போதும்.

தொடங்கும் முன்

புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு “இந்த ஆசிரியர் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டால், அடுத்த அத்தியாயம் உங்களைக் கேலி செய்யும். எனக்கு அது நடந்திருக்கிறது.

பிள்ளைகளின் வயதுக்குத் தக்கபடி ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். எட்டு ஒன்பது வயதுக்கு டாக்டர் சூஸ் 1961-இல் எழுதிய ஸ்னீச்சுகள் கதை. வயிற்றில் நட்சத்திரம் உள்ள பறவைகள் நட்சத்திரம் இல்லாதவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருவன் எந்திரத்தோடு வந்து நட்சத்திரம் ஒட்ட 3 டாலர் வாங்குகிறான். எல்லோருக்கும் நட்சத்திரம் வந்ததும் பழைய நட்சத்திரக்காரர்களிடம் அதை அழிக்க 10 டாலர் வாங்குகிறான். கடைசியில் எல்லார் பணமும் அவன் வண்டியில். இதற்கு விளக்கமே தேவைப்படாது. எங்கள் மாடியில் ஒரு பையன், “கடைசியில லாபம் மிசின்காரனுக்குத்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

பத்து வயதுக்கு மேல் சாக்லேட் ஆலைக் கதை, நார்னியா, ஹாரி பாட்டர். பதின்மூன்று வயதுக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை. 1945-இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு அவரே ‘ஒரு தேவதைக் கதை’ என்றுதான் துணைத்தலைப்பு வைத்தார், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அது கனம். அவர் பிறந்தது பிகாரில் மோதிகாரி என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் படி: வாயை மூடிக்கொள்ளுங்கள்

முதல் வாசிப்பில் கதை மட்டும்தான். டிராகன் வந்தால் டிராகன். எதையும் ‘இது உண்மையில் எதைக் குறிக்கிறது’ என்று கேட்காதீர்கள். கதையில் மயங்காத பிள்ளைக்கு அதைக் கேள்வி கேட்கவும் தோன்றாது. இந்தப் படிக்கு இவ்வளவுதான், ஆனால் என்னைப் போன்ற வாயாடிகளுக்கு இதுதான் கஷ்டமான படி.

இரண்டாம் படி: வேலைப் பட்டியல்

இங்கேதான் நோட்டு வேண்டும். இரண்டாவது வாசிப்பில் பிள்ளைகளிடம் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: யார் வேலை செய்கிறார்கள், என்ன வேலை, என்ன கூலி, எங்கே தூங்குகிறார்கள். ‘வர்க்கம்’ என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். கூலி என்றால் என்ன என்று தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, அம்மா மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் பழம் அறுக்கும் வேலை, அண்ணன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை என்று வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

பழக்கத்துக்கு முதலில் நம்ம ஊர்க் கதையையே எடுங்கள். அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். தகடூர் மன்னன் கதை, அதியமான்கோட்டை வழியாகத்தான் இவர்கள் பஸ்ஸில் போய் வருகிறார்கள். புறநானூற்று 91-ஆம் பாடல் அந்தக் கனியைப் பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்கிறது. “ராஜா தனியாவா ஏறியிருப்பாரு? கயிறு புடிச்சது யாரு?” என்று ஒரு பிள்ளை கேட்டான். பாட்டில் கயிறும் இல்லை, பிடித்தவனும் இல்லை. ஆனால் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது, அது போதும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைக் காட்டினால் மறுபக்கமும் தெரியும். ஆநிரை மீட்கப் போய் இறந்த ஒரு சாதாரண சேவகனின் பெயர் கல்லில் இருக்கிறது. பல கல்வெட்டுகளில் அவன் இன்னாருடைய சேவகன் என்பதும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கிறது. செத்த பிறகும் முதலாளி பெயர் முன்னால்.

இப்போது ரோல்ட் டாலின் சாக்லேட் ஆலைக்கு வாருங்கள். வேலைப் பட்டியலுக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குக் கிடைத்ததில்லை. கதை நாயகன் சார்லியின் அப்பா பற்பசைக் குழாய்களுக்கு மூடி திருகும் வேலை பார்க்கிறார், பிறகு அதுவும் போகிறது. வீட்டில் முட்டைக்கோஸ் சூப். ஆலை முதலாளி வோங்கா, ரகசியம் திருடு போகிறது என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார். பிறகு ஆலை மறுபடியும் ஓடுகிறது, ஆனால் யாரும் உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்கள் ஊம்பா லூம்பாக்கள். தூர தேசத்திலிருந்து, காற்றுக்கு ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். கூலி, கோகோ கொட்டை.

“நம்ம தாத்தா காலத்துல கூலிக்கு ராகி அளந்த மாதிரி” என்றாள் ஒருத்தி. சரியாகப் பிடித்துவிட்டாள்.

இன்னும் நோண்டச் சொல்லுங்கள். புது சூயிங்கம்மை யார்மேல் சோதித்தார்கள்? இருபது ஊம்பா லூம்பாக்கள்மேல். மேலே மிதக்க வைக்கும் பானத்தைக் குடித்த கிழவர் ஒருவர் வானத்தில் போனவர் போனவர்தான், திரும்பவில்லை. வோங்கா இதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாங்களும் முதல் தடவை சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். பட்டியலில் எழுதும்போதுதான் சிரிப்பு நின்றது.

இப்போது வரலாற்றை உள்ளே கொண்டுவரலாம். 1964-இல் வந்த முதல் பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த கறுப்புக் குள்ளர்கள். திரைப்படம் எடுக்கும்போது அமெரிக்கக் கறுப்பின அமைப்புகள் கடுமையாக ஆட்சேபித்தன. 1973-இல் டால் திருத்தினார். தோல் வெளிறிய ரோஸ் நிறமானது, முடி பொன்பழுப்பானது, ஊர் ‘லூம்பாலாந்து’ ஆனது. பிள்ளைகளிடம் இரண்டு பதிப்பையும் சொல்லிவிட்டு, பட்டியலில் எந்தக் கட்டத்தை அழித்து எழுத வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை! வேலை அதே, கூலி அதே, தூங்குமிடமும் ஆலைக்குள்ளேதான். நிறம் மாறியது, கணக்கு மாறவில்லை. மாயக் கதைகளில் இனத்தையும் வர்க்கத்தையும் பற்றி நான் சொல்ல வந்ததே இதைத்தான். இகழ்ச்சியான சொல்லைத் திருத்துவது சுலபம், அடுக்களையைத் திருத்துவது யாருக்கும் தோன்றுவதில்லை.

அன்றைக்கு அங்கேயே முடித்திருக்கலாம். ஒரு பையன் விடவில்லை. “ஓசூர்ல எங்கண்ணன் கம்பெனியிலயும் லோக்கல் ஆளை எடுக்கறதில்லீங்கக்கா, இந்திக்காரங்களைத்தான் கொண்டாந்து ஷெட்ல தங்க வெச்சிருக்காங்க” என்றான். இன்னொருவன் உடனே அந்த இந்திக்காரர்களைப் பற்றி ஒரு கிண்டல் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பி ஊம்பா லூம்பா பக்கத்தைக் காட்டினேன். வேலையை இழந்த உள்ளூர்த் தொழிலாளியும் நம்ம ஆள்தான், பெட்டியில் வந்தவனும் நம்மைப்போல ஒருவன்தான். இரண்டு பேரையும் மோதவிட்டுச் சாக்லேட் விற்பவர் யார் என்று அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மூன்று பேர்தான் எழுதி வந்தார்கள். பரவாயில்லை.

மூன்றாம் படி: அடைமொழி வேட்டை

ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவர்களைப் பற்றிச் சொல்லும்போது என்ன நிறம், என்ன உடை, என்ன வாசனை. கெட்டவர்களைப் பற்றிச் சொல்லும்போது என்ன. இரண்டு வண்ணப் பேனாவால் அடிக்கோடு போடச் சொன்னால் போதும்.

சி.எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகங்கள், 1950 முதல் 1956 வரை. தெற்கே காலோர்மென் என்று ஒரு நாடு. தலைப்பாகை, வளைந்த வாள், கறுத்த முகம், கொடுங்கோல் அரசன். கடைசிப் புத்தகத்தில் அந்த நாட்டு வீரர்கள் சூழ்ந்துகொள்ளும் இடத்தில், அவர்களிடமிருந்து பூண்டு வெங்காய வாடை வந்ததாக ஒரு வரி வருகிறது.

நான் அதைச் சொன்னதும் மாடி அதிர்ந்தது. “அக்கா, அது எங்க வூடு!” என்று ஒருவன். “ரசம் வெச்சிருப்பாங்க!” என்று இன்னொருத்தி. சிரித்து ஓய்ந்ததும் ஒரு பெரிய பையன் மெதுவாகக் கேட்டான்: “அப்போ இந்தக் கதையில நாம யாரு பக்கம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். அது அவனோடு வீட்டுக்குப் போகட்டும். ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் உதவும். புத்தகம் சில சமயம் சன்னல், சில சமயம் நம் முகத்தைக் காட்டும் கண்ணாடி என்றார் அவர். இங்கே நம் பிள்ளைக்குக் கண்ணாடி கிடைக்கிறது, ஆனால் கெட்டவன் வரிசையில் நிற்கும் கண்ணாடி.

நியாயமும் பேச வேண்டும். அதே வரிசையில் அராவிஸ் என்ற காலோர்மென் பெண் தைரியசாலி. கடைசிப் புத்தகத்தில் எமெத் என்ற காலோர்மென் வீரனை, அவன் வேறு தெய்வத்தைக் கும்பிட்டவன் என்று தெரிந்தும், நார்னியாவின் தெய்வம் போன்ற அஸ்லான் என்ற சிங்கம் ஏற்றுக்கொள்கிறது. இவர்களை மறைத்துவிட்டுப் பூண்டு வரியை மட்டும் காட்டினால் அது வாசிப்பு இல்லை, வழக்கு ஜோடிப்பது. விதிவிலக்கான ஒரு நல்லவர் இருப்பதால் மற்ற ஆயிரம் பேரைப் பற்றிச் சொன்னது சரியாகிவிடுமா என்பதைப் பிள்ளைகளே பேசட்டும். எங்கள் மாடியில் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள்.

மாற்றாக அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய எர்த்சீ முதல் புத்தகத்தைச் சொல்லுங்கள். நாயகன் கெட் செம்பழுப்புத் தோல்காரன், அவன் நண்பன் கறுப்பு, கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளைத் தோல்காரர்கள். அவர் இதைக் கொட்டி முழக்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். 2004-இல் தொலைக்காட்சிக்காரர்கள் கெட்டை வெள்ளைக்காரப் பையனாக்கினார்கள், அவர் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிகிறது. சினிமாவில் கிராமத்துப் பெண்ணாக நடிக்க யாரைக் கூட்டி வருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவர்கள்தானே.

சரி, வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக வேண்டாம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதில் அரக்கன் என்றால் கறுத்த உடம்பு, கோரைப்பல். இளவரசி என்றால் வெளுப்பு. எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பழைய இதழ்கள் நான்கைந்தை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து அதே இரண்டு பேனாவைக் கொடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அவை. அடிக்கோடு விழ விழ எனக்கே கொஞ்சம் வலித்தது. இந்தப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: பிறப்புக் கேள்வி

ஹாரி பாட்டரில் மந்திரவாதிப் பெற்றோருக்குப் பிறக்காதவர்களைக் குறிக்க ஒரு வசைச்சொல் இருக்கிறது. ‘சேற்று ரத்தம்’ என்று நான் தமிழில் சொல்வேன். ஐரோப்பிய வாசகருக்கு அது இனவெறியை நினைவூட்டும். இங்கே யாருக்கும் அது நினைவுக்கு வராது. “ரத்தம் சுத்தம்னா... சாதிதானேக்கா?” என்று முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். தடுக்காதீர்கள். ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிக் கடந்துபோகவும் வேண்டாம். நிறம் பார்த்ததும் தெரியும், சாதி தெரிய வேண்டுமென்றால் ஊர் பேரும் தெரு பேரும் கேட்க வேண்டும். அந்த மந்திரப் பள்ளியிலும் ரத்தம் முகத்தில் தெரிவதில்லை, விசாரித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்த விஷயத்தில் ரௌலிங்கின் கதை அவரே நினைத்திருக்க முடியாத அளவுக்கு நம் பக்கம் நெருங்கிவிடுகிறது.

இந்தப் படியில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பையனைப் பார்த்து, “உங்க ஊர்ல இது மாதிரி நடக்குதா?” என்று கேட்டுவிட்டேன். எல்லாக் கண்ணும் அவன்மேல். அவன் செருப்பு வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். மூன்று வாரம் வரவில்லை. நானே போய்க் கூட்டி வந்தேன், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. எந்தப் பிள்ளையையும் உதாரணமாக்காதீர்கள். சாதியைக் கேட்காதீர்கள், ஊரைக் காட்டிக் கேட்காதீர்கள். கதைக்குள் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசும்போது பிள்ளை தன்னைப் பற்றித்தான் பேசுகிறான், அந்த மறைவை அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது. மாயக் கதையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

ஐந்தாம் படி: கடைசிப் பக்கத்தில் என்ன மாறியது?

இரண்டாம் படியில் போட்ட பட்டியலை மறுபடி எடுங்கள். கதை முடிந்த பிறகு அதே நான்கு கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

டாபி என்ற எல்ஃபை எல்லோருக்கும் பிடிக்கும். முதலாளி கையால் துணி கிடைத்தால் விடுதலை. இரண்டாவது புத்தகத்தில் ஒரு சாக்ஸ் தந்திரமாக அவன் கைக்கு வருகிறது. பிறகு அவன் சம்பளத்துக்கு வேலை தேடுகிறான். பள்ளித் தலைமையாசிரியர் வாரம் 10 பொற்காசும் வார இறுதி விடுமுறையும் தருகிறேன் என்கிறார். டாபியே பேரம் பேசிக் குறைத்து, வாரம் 1 காசு, மாதம் ஒரு நாள் விடுமுறை என்று ஒத்துக்கொள்கிறான். எங்கள் மாடியில் இதைக் கேட்டு ஒரே கூச்சல். “லூசாக்கா அவன்?” என்றார்கள்.

ஹாரியின் தோழி ஹெர்மயனி மட்டும்தான் எல்ஃபுகளுக்காகச் சங்கம் வைக்கிறாள், பேட்ஜ் விற்கிறாள். நண்பர்கள் கேலி செய்கிறார்கள், எல்ஃபுகளே கோபித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று கதையில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வாக்கியத்தில் வண்டியை நிறுத்துங்கள். ‘அவங்களுக்கே அதுதான் பிடிச்சிருக்கு’ என்ற வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் பண்ணையாட்களைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன், அதையே பிள்ளைகளிடம் சொன்னேன். முதலில் கையைத் தூக்கிய அந்தப் பெண் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: “எங்கம்மாவும் அந்த வீட்டம்மா நல்லவங்கன்னுதான் சொல்லும். தீபாவளிக்குச் சேலை குடுப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா லீவு போட்டா காசு புடிப்பாங்க” என்றாள்.

இதற்கு மேல் எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியதில்லை.

2007-இல் வந்த ஏழாவது புத்தகத்தில் பெரும்போர் முடிகிறது. ரத்தச் சுத்தம் பேசியவர்கள் தோற்கிறார்கள். எல்ஃபுகளும் கத்தி எடுத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து களைத்துப்போன ஹாரி, தன் எல்ஃப் கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று நினைத்தபடி படுக்கையை நினைக்கிறான். முடிவுரைக்கு முந்தைய அத்தியாயம் அதோடு முடிகிறது. பிள்ளைகள் நான்கு கட்டத்தை நிரப்பிப் பார்த்தார்கள். டாபி செத்துப்போனான், சுதந்திரமாகச் செத்தான். அடுக்களை அப்படியே இருக்கிறது.

ரௌலிங் வேண்டுமென்றே அப்படி வைத்தாரா, கவனிக்காமல் விட்டாரா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எனக்குக் கவனிக்காமல் விட்டது போலத்தான் தெரிகிறது, அது என் கருத்து. ஒப்பிட வேண்டுமென்றால் டோல்கீனின் மோதிரக் கதையில் சாம் இருக்கிறான். தோட்டக்காரன், எஜமானை மரியாதையாகவே கடைசி வரை அழைக்கிறவன். ஆனால் கதை முடிவில் எஜமானின் வீடு அவனுக்கு வருகிறது, ஊர் மக்கள் அவனை ஏழு தடவை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டங்கள் மாறுகின்றன. அதே புத்தகத்தில் ஓர்க்குகள் என்ற அரக்கர் கூட்டம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பிறவிக் கெட்டவர்கள். ஒரு ஆசிரியர் ஒரு கதவைத் திறந்துவிட்டு இன்னொன்றைப் பூட்டியே வைத்திருக்கலாம், பிள்ளைகள் அதை நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆறாம் படி: அளவோடு நிறுத்துதல்

இந்த வேட்டை ருசிகண்டுவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் உருவகம் பார்ப்பார்கள். ஆந்தை என்றால் என்ன அர்த்தம், துடைப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று. அப்போது ஆஸ் என்ற மாய நாட்டின் கதையைச் சொல்லுங்கள்.

எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய கதை. டோரதி வெள்ளிச் செருப்புப் போட்டுக்கொண்டு மஞ்சள் செங்கல் பாதையில் நடக்கிறாள். செருப்பு சிவப்புக் கல்லானது 1939 திரைப்படத்தில்தான். 1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். மஞ்சள் பாதை தங்கம், செருப்பு வெள்ளி, வைக்கோல் மனிதன் விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக்கச் சொல்லிப் பிரையன் என்ற அரசியல்வாதி 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற காலத்து அரசியலைக் கதை சொல்கிறது என்றார். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் பல பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆனால் பாம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. லிட்டில்ஃபீல்டே பின்னாளில் அதை ஒத்துக்கொண்டார். அவருக்கு அது வகுப்பில் வரலாறு சொல்லித்தர ஒரு வழியாக இருந்தது.

இதில் ஒரு கசப்பு உண்டு. அதே பாம் 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும் தெற்கு டகோட்டாவில் தான் நடத்திய பத்திரிகையில், செவ்விந்தியர்களை முழுக்க அழித்துவிட வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருக்கிறார். கற்பனையாக வெள்ளிச் செருப்பில் அரசியலைத் தேடினவர்கள், அச்சிலேயே கிடந்த இந்த அரசியலை ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லுங்கள்.

டோல்கீன் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் உருவகக் கதையே தனக்குப் பிடிக்காது என்றார். வாசகர் தன் வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்ளும் சுதந்திரம் வேறு, ஆசிரியர் இதுதான் அர்த்தம் என்று பிடியில் வைத்திருப்பது வேறு என்று பிரித்தார். எங்கள் நோட்டில் இதற்காக இரண்டு தலைப்பு இருக்கிறது: ‘கதை சொன்னது’, ‘எனக்குத் தோணுனது’. ஒரு பிள்ளை எதைச் சொன்னாலும் எந்தப் பக்கம் எழுதுவது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். கதை சொன்னது என்றால் பக்க எண் காட்ட வேண்டும். இந்த ஒரு விதி வீண்வாதத்தில் பாதியைக் குறைத்துவிட்டது.

பெற்றோர் கேட்பார்கள்

“கதை சொல்றீங்கன்னு அனுப்பினா அரசியல் பேசுறீங்களாமே?” என்று ஒருவர் என்னை டீக்கடையில் பிடித்தார். வாதம் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு வந்து உட்காருங்கண்ணா என்றேன். வந்தார். ஊம்பா லூம்பா கூலிக் கணக்கு போய்க்கொண்டிருந்தது. அவர் கல்குவாரியில் வேலை பார்த்தவர். அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில், “மேஸ்திரி யாருன்னு எழுதலையே?” என்று பட்டியலில் ஒரு கட்டம் கூடச் சேர்க்கச் சொன்னார். எங்கள் பட்டியலுக்கு ஐந்தாவது கட்டம் வந்தது அப்படித்தான். நீங்களும் ஐந்தாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் இப்படி மாறுவதில்லை. ஒரு வீட்டில் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

ஏழாம் படி: அடுக்களையிலிருந்து எழுதுதல்

கடைசி இரண்டு வாரம் பிள்ளைகள் எழுத வேண்டும். கதையில் பெயர் இல்லாத வேலைக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வாயால் ஒரு பக்கம். திருத்த வேண்டாம், பேச்சுத்தமிழ் வந்தால் வரட்டும். சிலர் இடத்தை இங்கே மாற்றிக்கொள்வார்கள். ஒகேனக்கல்லில் மந்திரவாதியைப் பரிசலில் ஏற்றிச் சுற்றிய பரிசல்காரர் கதை ஒன்று வந்தது. மந்திரவாதி துடைப்பத்தில் பறந்துபோய்விட்டார், பரிசல் காசு கொடுக்கவில்லை.

மே, ஜூன் மாதங்களில் கூட்டம் குறையும். மாம்பழ சீசன், அம்மா கூடப் போய்விடுவார்கள், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்தில் புதுப் புத்தகம் தொடங்க வேண்டாம், எழுத வைப்பதற்கு அதுதான் சரியான காலம். வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

முதல் கேள்வி கேட்ட அந்தப் பெண் போன சீசனில் தம்பி கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினாள். எல்ஃப் ஒன்று பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதிய விடுப்புக் கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி சரியாக இருந்தது. ஞாயிறு சாயந்திரம் நான்கிலிருந்து ஐந்து வரை விடுப்பு, காரணம் மாடியில் கதை. கீழே கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி: ‘காசு பிடிக்க வேண்டாம்.’